அக்காவைக் கண்டால் அணைந்த விளக்கு

எங்கள் அக்கா கடத்தூரை ஒட்டிய ஊரில், விவசாயக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். எட்டாம் வகுப்போடு அப்பா அவர் படிப்பை நிறுத்திவிட்டார். என்னை மட்டும் படிக்கவைத்தார். பாலக்கோட்டுக்கு மணமாகிப் போனவர், கணவர் இளவயதில் இறந்தபின் தக்காளி மண்டியில் கூடை தூக்கி மகனை வளர்த்தார். எனக்கும் பாலிடெக்னிக் விடுதிக்குப் பணம் அனுப்பினார். அங்கே படித்துத்தான் நான் எலெக்ட்ரானிக்ஸ் ஆசிரியனானேன். இவ்வளவும் தெரிந்துதான் அவரைப் பழிவாங்கினேன்.

மகன் ஓசூரில் வேலைக்குப் போனதும் அக்கா ஊர் திரும்பி, அப்பா வீட்டில் தன் பாகத்தைக் கேட்டார். நான் மறுத்தேன். அவர் சர்வேயரை அழைத்துவந்தார். பாதி வீடு அவருக்கு, நடுவிலுள்ள சந்து பொது என்று முடிவானது. சந்தில் நான் கட்டியிருந்த கார் கொட்டகையை இடிக்க வேண்டியதாயிற்று. கோபம் வந்தால் அக்கா என்னிடம் மரியாதையாகப் பேசுவார். தெருவே பார்த்து நிற்க, "வாத்தியாரே, பசங்களுக்கு அளவு சொல்லித்தந்தவரு தானுங்களே? டேப்பைக் கொஞ்சம் நேராப் புடிங்க" என்றார்.

பிடித்தேன். மறக்கவில்லை.

ஓய்வுபெற்றபின், வீட்டு விளக்குகளும் மின்விசிறிகளும் தாமாக இயங்க நானே புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். சந்து விளக்கு இருட்டியதும் எரியும். அதனருகே அக்காவின் வாசலை மட்டும் பார்க்கும்படி ஒரு சென்சார் வைத்தேன். அங்கே அசைவு தெரிந்தால் விளக்கு அணைய வேண்டும். அவ்வளவுதான் நான் எழுதியது; விடிந்தால் அணையும்படி எழுதவில்லை. விடியுமுன் அவர் அந்தச் சந்தில் நடந்துதான் பின்னாலிருந்த தன் மாட்டுக் கொட்டகைக்குப் பால் கறக்கப் போக வேண்டும்.

அக்கா விரைவிலேயே கண்டுபிடித்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்களை அழைத்துவந்து, வாசலில் நின்று கையை ஆட்டிக் காட்டினார்.

"பாருங்கடி, எங்க வாத்தியாரு கரண்டுக்கே பொறாமை சொல்லிக்குடுத்திருக்காரு!"

அவரும் விடுகிறவர் அல்லர். தெருவுக்கெல்லாம் பால் ஊற்றினார். என் வீட்டை மட்டும் தாண்டிப் போனார். விடியற்காலையில் என் ஜன்னல் கம்பியில் பால் கேனைத் தட்டி, "வாத்தியாரே, கரண்டு போச்சுங்களா?" என்று தெரு விழிக்கக் கேட்டுவிட்டுத்தான் கொட்டகைக்குப் போவார்.

ஒருநாள் இருட்டில் சாக்கடைக் கல் தடுக்கி விழுந்தார். கேன் உருளும் சத்தம் கேட்டது. நான் எழுந்து போகவில்லை. படுத்தபடியே மகிழ்ந்தேன். அதன்பின் அக்கா கால் தாங்கித்தான் நடந்தார். புரோகிராமை அப்போதும் நான் மாற்றவில்லை.

சென்ற ஆண்டு ஒரு காலையில், வெயில் வந்த பிறகும் சந்து விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தினமும் அதை அணைத்தது அக்காவின் நடமாட்டம்தான். எனக்கோ சென்சார் பழுது என்றுதான் தோன்றியது. லேப்டாப்பைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். பேட்டரியை மாற்றினேன். பிறகு அவர் வாசலில் நின்று கையை ஆட்டினேன். விளக்கு அணைந்தது. கருவியில் ஒரு குறையும் இல்லை. கொட்டகையில் மாடுகள் வெகுநேரமாகக் கத்திக்கொண்டிருந்தது அப்போதுதான் என் காதில் விழுந்தது.

கதவை உடைத்தபோது அக்காவுக்கு உயிர் இருந்தது. தருமபுரிக்குப் போகும் வழியில் பிரிந்தது. இன்னும் முன்பே கொண்டுவந்திருக்கலாமே என்றார் மருத்துவர்.

இதை எழுதலாமா என்று மருமகனிடம் கேட்டேன். "எழுதுங்க மாமா. நல்லதை மட்டும் எழுதுனா அது எங்கம்மாவா இருக்காது. உங்களையும் விட்டுடாதீங்க" என்றார். அவர் குரலில் மன்னிப்பு இல்லை. நான் கேட்கவும் இல்லை.

கதவை உடைத்த அண்டை வீட்டாருக்கும், வேனை விரட்டி ஓட்டியவருக்கும், அன்று மாடுகளுக்குப் பால் கறந்துவிட்ட பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நினைவு நாளுக்கு வருகிறவர்கள் சந்து வழியாகவே வரலாம். புரோகிராமைத் திருத்திவிட்டேன். அக்காவின் கதவு திறந்தால் இனி விளக்கு எரியும். பழுதுபார்த்து மாட்டிய அந்தக் கதவு ஓராண்டாகப் பூட்டியே கிடக்கிறது. சரியாக எரிகிறதா என்று நான் இன்னும் பார்க்கவில்லை.