வண்டு தேடிப் போனவள்

எட்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தியவள் நான். வாய் திறக்கப் பயம். அதனால் கண்ணால் பார்த்தே எல்லாம் கற்றுக்கொண்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமைதான் எங்கள் பாமாயில் மரங்களைக் காய்க்க விடாமல் செய்தது.

மாரண்டஹள்ளிப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர். தக்காளி போட்டு அலுத்து, நாலு வருடத்துக்கு முன் எண்ணெய்ப்பனை வைத்தோம். மரங்கள் குலைவிடும் பருவத்தில் பார்த்தால், ஆண்பூ முழுக்கப் பொடிப்பொடியாய்த் தவிட்டு நிற வண்டுகள். தக்காளியில் பூச்சியைக் கண்ட மறுநிமிடம் மருந்து அடித்துப் பழகிய கை சும்மா இருக்குமா? என் கணவர் சின்னராஜிடம்கூடச் சொல்லாமல் வாரம் தவறாமல் அடித்தேன். ஒரு வண்டு மிச்சமில்லை. என் சுறுசுறுப்பை நானே மெச்சிக்கொண்டேன்.

குலைகள் வந்தன. நாலைந்து காயைத் தவிர மீதியெல்லாம் முள்ளும் அழுகலும். தோட்டக்கலை அலுவலர் வந்து பார்த்தார்.

"பூச்சியே காணோமே. மருந்து எதுனா அடிச்சீங்களா?"

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றிருந்த நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"அந்த வண்டுதாங்க மகரந்தத்தைப் பெண்பூவுக்குக் கொண்டுபோவுது. அதையே கொன்னுட்டீங்களே! வண்டு இருக்கற ஆண்பூ எங்கனா கெடைச்சா கொண்டாந்து மரத்துல கட்டுங்க."

அவர் போனதும் சின்னராஜ் ஆரம்பித்தார். "ஏம்மே, ஊரே பூச்சி வந்துச்சுன்னு அழுவுது, நீ பூச்சி போச்சுன்னு அழுவுற. அடுத்த குலையும் இப்படின்னா மரத்தைப் புடுங்கிட்டுத் தக்காளிதான். நர்சரியில நாத்துக்குச் சொல்லி வெச்சிட்டேன்."

பாலக்கோடு சாலையில் ஒரு கல்யாண மண்டப வாசலில் அழகுக்காக ஆறு எண்ணெய்ப்பனைகள் நிற்பதைப் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். போனேன். கேட்டருகே முக்கால் மணி நேரம் நின்றேன். கடைசியில் காவலாளி சென்னப்பனே வந்து கேட்டார்.

"யார் வூட்டுக் கண்ணாலத்துக்கும்மா வந்தே? இன்னிக்கி எதுவும் இல்லியே."

"பூ வேணுங்க."

"பூவா? அது பஸ் ஸ்டாண்டுல விக்குது."

மரத்தைக் காட்டினேன். "வண்டு இருக்கற பூவுங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எடுத்துட்டுப் போ தாயி. பூச்சியா வருது, வெட்டிப் போடுன்னுதான் மொதலாளி சொன்னாரு." அரிவாளும் அவரே கொடுத்தார்.

பஸ்ஸில் பாதி வழியிலேயே கட்டைப்பையிலிருந்து வண்டுகள் கிளம்பிவிட்டன. பக்கத்து இருக்கை அம்மாள் தட்டிவிடக் கை ஓங்கியதும், "ஐயோ, கொல்லாதீங்க!" என்று கத்திவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நாற்பது வயதில் நான் நாலு பேர் நடுவே சத்தமாகப் பேசிய முதல் பேச்சு அது. அந்த வெட்கத்தோடு இன்னும் நாலு முறை போய்ப் பூ கொண்டுவந்து கட்டினேன்.

இரண்டு மாதம் கழித்துப் புதுக் குலைகளில் காய் நெருக்கிப் பிடித்திருந்தது. சின்னராஜ் விரலால் அழுத்திப் பார்த்தார்.

"சரி, மரம் நிக்கட்டும். நாத்து வேணாம்னு அந்த நர்சரி ஆளுக்கு நீயே போன் போட்டுச் சொல்லிடு."

என்ன சொல்வது என்று மூன்று நாள் யோசித்தேன். பிறகு போன் போட்டேன். அவர் "அலோ" என்றதும் வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை ஆறாயிரம் தக்காளி நாற்று வாசலில் வந்து இறங்கியது.