ரோட்டில் நிறைத்து வைத்த குடங்கள்

தேர்தல் வேலைக்கு என் குட்டியானை லோடு வண்டியை முதன்முதலாக ஓட்டியது ஊராட்சித் தலைவர் தேர்தலில்தான். திருவரங்குளம் பக்கம் ஒரு ஊர். நின்றவர் ஏற்கெனவே பிரசிடெண்டாக இருந்தவர். எனக்கு மைக்கில் பேச வராது. நாலு பேர் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் பென் டிரைவில் பதிந்து கொடுத்த குரலை ஓடவிட்டேன். "வீடுதோறும் குழாய் தந்த நம் வேட்பாளர்" என்று அது சொல்லிக்கொண்டே வரும்.

பிரச்சாரத்தின் கடைசி நாள் மதியம், கீழத்தெரு முனையில் வண்டி நின்றுவிட்டது. ரோட்டின் குறுக்கே வெறுங்குடங்கள். குழாயடியில் இடம் பிடித்து வைப்பதுபோல வரிசையாக இருந்தன. அந்தத் தெருவுக்குக் குழாய் பதித்திருந்தார்கள், தண்ணீர்தான் வந்ததில்லை. பெண்கள் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். தெருவைத் தாண்டினால்தான் கடைசிக் கூட்டம். ஐந்து மணிக்குள் பேசி முடிக்க வேண்டும். வண்டி போக வேறு பாதை கிடையாது.

பிரசிடெண்ட் இறங்கினார். "ஜெயிச்சதும் மொத வேலை ஒங்க தண்ணிதான் ஆத்தா. வழிய விடுங்க."

மீனாட்சி என்கிற அக்காதான் பதில் சொன்னார். "போன தடவையும் நாங்கதானே மொத வேலை. அதே இன்னும் முடியலையாக்கும்?"

மரத்தடியே சிரித்தது.

கூட வந்த ஆள் ஒருவன் ஒரு குடத்தைக் காலால் எத்தினான். அது உருண்டு பள்ளத்தில் விழுந்தது. அக்கா போய் எடுத்து, முந்தானையால் துடைத்து, அதே இடத்தில் வைத்தார். அப்போதும் என் வண்டி "வீடுதோறும் குழாய்" என்று கத்திக்கொண்டிருந்தது.

பிரசிடெண்ட் போன் போட்டு டேங்கர் லாரியை வரவழைத்தார். குடம் நிறைந்தால் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்பது அவர் கணக்கு. நானும் அப்படித்தான் நினைத்து இன்ஜினை ஸ்டார்ட் செய்தேன்.

பெண்கள் வரிசை கலையாமல் தண்ணீர் பிடித்தார்கள். பிடித்த குடத்தை மறுபடி ரோட்டிலேயே கொண்டுவந்து வைத்தார்கள்.

"என்னாத்தா இது?" என்றார் பிரசிடெண்ட்.

"வெறுங்குடம்னா எத்துவீங்க. இப்ப எத்தச் சொல்லுங்க ஒங்க ஆளை. நாங்க கேட்டது லாரி இல்லைங்க, குழாய்ல தண்ணி" என்றார் மீனாட்சியக்கா.

எத்தியவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். தண்ணீரைக் கீழே கொட்ட அந்த ஊரில் யாருக்கும் மனசு வராது.

அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீயாவது அந்தப் பொய்ய நிப்பாட்டுப்பா. தலைய வலிக்குது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நிறுத்தினால் அந்த ஊரில் எனக்கு இனி லோடு கிடைக்காது. பென் டிரைவைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டேன்.

பிரசிடெண்ட் முறைத்தார். பிறகு வேட்டியைத் தூக்கிப் பிடித்து, ஒரு குடமும் சாயாமல் பக்கவாட்டில் அடிவைத்து நடந்தே போனார். மைக் இல்லாமல் பேசினாராம்.

அவர் தோற்றார். ஜெயித்தவரும் தண்ணீர் தருவதாகச் சொன்னவர்தான். பிறகொரு நாள் அந்தப் பக்கம் போனபோது மீனாட்சியக்காவிடம் கேட்டேன். "குழாய்ல காத்து நல்லா வருதுப்பா" என்றார். எனக்கு லோடு அந்த ஊரில் இன்றுவரை இல்லை.

தேர்தல் வண்டி ஓட்ட வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் உண்டு. டயரில் காற்றுப் பார்ப்பதுபோல, பென் டிரைவில் என்ன இருக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், எந்தத் தெரு வழியாகப் போகவேண்டும் என்றும் கேளுங்கள்.