வயிற்றுக்குள் பபிள்கம்

கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் பபிள்கம் மென்றபடியே ஐஸ் தண்ணீர் குடித்துவிட்டு, "கல்லாயிடுச்சுக்கா" என்று சிரித்தாள்.

சின்ன வயதில் ஒருநாள் வல்லக்கோட்டைக் கோயிலுக்குப் போனது அம்மா, அம்மாவின் தம்பி, அக்கா, நான். வழியில் பபிள்கம்மை விழுங்கிவிட்டேன். "தண்ணி குடிச்சே, உள்ள கல்லாயி செத்துடுவே" என்றார் மாமா.

சித்திரை வெயில். தண்ணீர்ப் பந்தலில் அக்கா என் முன்னால் தம்ளரை ஆட்டினாள்: "இன்னாடி, வேணாமா?" நான் மயங்கி விழுந்தேன். அம்மா வாயில் தண்ணீர் ஊற்றியதும், கொல்லப் பார்க்கிறாள் என்று அவள் விரலைக் கடித்தேன். அறைந்தாள்.

மாமா அம்மாவிடம் சிரித்தார். "வுடுக்கா, குளிர்ச்சிக்குத்தான் அது இறுகும். வயித்துச் சூட்டுல இளகிடும். சும்மா தமாசு."

மாமா இப்போது என் வீட்டில்தான் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். தண்ணீர் கேட்டால், மெதுவாகத்தான் எழுந்து போவேன்.