மிட்வைஃப் மிஸ்ஸுக்கு ஒரு மலைப் பைக்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் மூன்று ஷட்டர் போட்ட என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பைக் வாங்க வருவதில்லை. பைக்கைப் பற்றி என்னிடம் கேட்க வருகிறார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பஸ் கழுவினேன், டயர் ஒட்டினேன், ஒரு கராஜில் நட்டுப் பொறுக்கினேன், பிறகு அந்தக் கராஜையே வாங்கினேன். இன்றைக்குப் பழைய பைக் ஒன்றை ஸ்டார்ட் பண்ணுகிற சத்தத்தை ஃபோனில் கேட்டே கோளாறு இன்னதென்று சொல்லுவேன். கண்டியில் வேறு யாராவது அப்படிச் சொன்னால் கூட்டி வாருங்கள், பார்க்கலாம்.

கல் பாதையிலும் தோட்டப் பாதையிலும் ஓட முதல் பைக் வேண்டும், கையில் காசு குறைவு, எதை வாங்கலாம் என்று இளையவர்கள் கேட்கிறார்கள். முன்பெல்லாம் பைக்கைச் சோதித்துக் காட்டுகிற என் வழி ஒரு மாதிரி இருந்தது. போன வருஷம் அது மாறியது. மாறிய கதையை எழுதி வைத்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தொண்டை கிழியச் சொல்ல வேண்டியதில்லை.

1. ஒட்டகம் மாதிரி நின்ற பைக்

ஒரு சனிக்கிழமை காலை புசல்லாவைப் பக்கத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர் ரவிச்சந்திரன், ஒரு வங்கியில் கிளார்க். மனைவி சாந்தினி, பிரசவம் பார்க்கிற மிட்வைஃப்; தோட்டத்து ஆட்களுக்கு 'மிஸ்'. வந்ததும் வராததுமாகக் கிளார்க், முன் வரிசையில் நின்ற, கரடுமுரடான பாதைக்கென்றே செய்த ட்ரெயில் பைக்கின் ஸீட்டில் கையை வைத்துவிட்டார். இருநூறு சீசி. மட்கார்ட் தூக்கி, ஸீட் உயர்ந்து, ஒட்டகம் மாதிரி நிற்கும்.

"இதுதான் முதலாளி. வீடியோவுல பார்த்தேன். ஆத்துக்குள்ளயே போகுது."

"ஆத்துக்குள்ள யாருக்குப் பிரசவம் பார்க்கப் போறீங்க?" என்றேன்.

மிஸ் சிரித்துவிட்டார். "நல்லாக் கேளுங்க முதலாளி. வீட்ல பருப்பு இல்லன்னு சொன்னாக்கூட அந்த வீடியோவத்தான் காட்டுறாரு."

பைக்கை ஓட்டப்போவது மிஸ்தான். விஷயம் இதுதான்: அவருக்கு ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல்மலை டிவிசன்களைப் புதிதாகக் கொடுத்திருந்தார்கள். கர்ப்பிணிகளைப் பார்க்க வேண்டும், குழந்தைகளை நிறுக்க வேண்டும். ரோட்டில் இருந்து மேலே கல்லும் சேறுமான பாதை. ஓட்டோக்காரர்கள் தேயிலை ஃபெக்டரியோடு நின்றுவிடுவார்கள். நடந்து போனால் ஒரு லயத்தை, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசை ஒன்றை, முடிக்கும்போதே பொழுது சாய்ந்துவிடும். அந்த மாதம் முடிவதற்குள் போய்வர ஒரு வழி பண்ணிக்கொள்ளாவிட்டால் வேறு மாவட்டத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, அங்கே போ என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் பால்குடி மறக்காத பிள்ளை.

"வேற எடம்னா புள்ளைய விட்டுட்டுத்தான் போகணும்" என்றார் மிஸ். அதைச் சொல்லும்போது சிரிப்பு இல்லை. "எங்களால ஒரு தடவைதான் வாங்க முடியும் முதலாளி. தப்பாப் போச்சுன்னா மாத்த வழியில்ல."

இப்படி வருகிறவர்களிடம் நான் சீசி பேசமாட்டேன். நாலு விஷயம் கேட்பேன். யார் ஓட்டுவது? எந்தப் பாதை? பின்னால் என்ன பாரம்? ரிப்பேர் ஆனால் பக்கத்தில் யார் பார்ப்பார்? வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்துக்குப் பிறகு பழைய ட்ரெயில் பைக்குகள் ஆனைவிலை, குதிரைவிலை. எப்படியோ வாங்கிவிடலாம்; ஆனால் ஒரு கிளட்ச் கேபிள் அறுந்தால் அதற்குக் கொழும்பு வரை அலைய வேண்டும். ஸ்கூட்டர் மலிவுதான், ஆனால் அதன் சின்னச் சக்கரம் பெரிய கல்லில் ஏறாது, இடித்துக்கொண்டு நிற்கும். அதனால் முதல் பைக்குக்கு நான் காட்டுவது மூலையில் நிற்கிற சாதாரண நூற்றிருபத்தைந்து சீசியைத்தான். ஆபீசுக்குப் போகிற பைக். அழகு இல்லை. ஆனால் அதன் பார்ட்ஸ் புசல்லாவைச் சந்தியிலேயே கிடைக்கும்.

இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது மிஸ் ஒரு காரியம் செய்தார். ஒரு பைக்கிலும் ஏறி உட்காரவில்லை. ஒவ்வொன்றாக ஸ்டாண்டை எடுத்து, முன்னே தள்ளி, பின்னே இழுத்து, நின்ற இடத்திலேயே திருப்பிப் பார்த்தார். என் வாழ்நாளில் அப்படிப் பைக் பார்த்த ஆளை நான் பார்த்ததில்லை.

"ஏன் மிஸ், ஏறிப் பார்க்கலையா?"

"லயத்து வாசல்ல ஒரு பக்கம் தண்ணி ஓடுற கான், ஒரு பக்கம் படி. அங்க யாரு முதலாளி ஓட்டித் திருப்புறது? எறங்கித்தான் திருப்பணும்."

அட, இது எனக்குத் தோன்றவில்லையே என்று நினைத்தேன். அதைவிட ஆச்சரியம், அந்த ஒட்டகம்தான் அவர் கைக்கு லேசாக வந்தது. ட்ரெயில் பைக் பார்க்கத்தான் பெரிசு, எடை கிடையாது. கிளார்க்கின் முகத்தில் பல்ப் எரிந்தது.

என் மெக்கானிக் நிஸாம் கட்டுகஸ்தோட்டைக்காரர். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே வந்து மிஸ்ஸின் காலைப் பார்த்தார். "தள்ளுறதுக்குச் சரி முதலாளி. ஏறினா கால் எட்டாம ஈக்குமே." 'இருக்கு' என்பது அவர் பேச்சில் 'ஈக்கு'.

"ஸீட் பஞ்சை வெட்டிக் குறைப்போம்" என்றேன். "பாதையில போட்டுப் பார்க்காம நாம ஏன் இங்க நின்னு பேசுறோம்?"

2. ஏறுவதில் கோளாறு இல்லை

ஞாயிற்றுக்கிழமை என் சின்ன லொறியில் ஒட்டகத்தையும் அந்த நூற்றிருபத்தைந்தையும் ஏற்றிக்கொண்டு போனோம். எப்போதும் இரண்டு பைக் கொண்டுபோவது என் வழக்கம். ஒன்றை மட்டும் காட்டினால் வாங்குகிறவர் பைக்கைப் பார்க்கமாட்டார், என் முகத்தைப் பார்ப்பார்.

ஃபெக்டரிக்கு மேலே லொறியை நிறுத்தினோம். கிளார்க்கும் நிஸாமும் கீழேயே நின்றார்கள். மிஸ் ஒட்டகத்தில் முன்னால். பஞ்சு வெட்டியும் பெருவிரல் மட்டும்தான் தரையைத் தொட்டது. பின் கரியரில் நிறுக்கிற தராசும் மருந்துப் பையும். நான் நூற்றிருபத்தைந்தில் பின்னால்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், ஒட்டகம் ஏறிய ஏற்றம் கண்ணுக்கு விருந்து. கல்லைக் கல்லாகப் பார்க்கவில்லை. மழைத்தண்ணீர் அறுத்த பள்ளத்தில் நான் முக்கி முனகி வர, அவர் மேல் லயத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். வாசலில் இறங்கி, தள்ளித் திருப்பி, எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

"எப்படி மிஸ்?"

"குதிரை முதலாளி" என்றார். கண் மின்னியது.

எனக்கும் விற்றுவிடலாம் என்றுதான் இருந்தது. ஏறுமா என்பது தெரிந்துவிட்டது. நம் மலையில் பைக் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது அந்த ஒரு கேள்விதானே.

3. சத்தம் நின்றது

திரும்பி இறங்கினோம். முதல் வளைவு தாண்டியதும் எனக்கு ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. என்னவென்று யோசித்தேன். முன்னால் போகிற பைக்கின் சத்தம் இல்லை. கல்லில் டயர் உரசுகிற சத்தம் மட்டும் வருகிறது. பைக் போய்க்கொண்டிருக்கிறது. எஞ்சின் நின்றுவிட்டதோ என்று நான் கத்தினேன். அவர் திரும்பாமலே கையை ஆட்டினார், ஒன்றுமில்லை என்கிற மாதிரி.

அடுத்த வளைவில் கொழுந்து ஏற்றும் ட்ராக்டர் நின்றுகொண்டிருந்தது. ஆட்கள் சாக்கைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மிஸ்ஸின் கட்டைவிரல் ஹோர்னை அமுக்குவதைப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. முன் பிரேக்கைப் பிடித்தார். சரளைக்கல்லில் முன் சக்கரம் வழுக்கியது. கால் தரையைத் தேடியது, தரை எட்டவில்லை. பைக்கோடு சேர்ந்து மேட்டுப் பக்கம் சாய்ந்து, கானுக்குள் இறங்கிவிட்டார்.

நல்லவேளை, பள்ளத்துப் பக்கம் சாயவில்லை. முழங்கை உரசல், உடுப்பெல்லாம் சேறு. சாக்குத் தூக்கிய ஆட்கள் ஓடிவந்து தூக்கினார்கள். ஒருவர், "மிஸ்ஸி, நாங்கதான் ஒங்களுக்குப் பிரசவம் பார்க்கணும்போல" என்றார். மிஸ்ஸுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

நான் பைக்கைத் தூக்கிச் சாவியைப் பார்த்தேன். ஓஃப்பில் இருந்தது. கியர் நியூட்ரலில்.

"சாவிய ஏன் நிப்பாட்டுனீங்க?"

என்னை அவர் பார்த்த பார்வை, கேள்வியே புரியாத பார்வை. "எறக்கத்துல யாராவது பெட்ரோல் எரிப்பாங்களா முதலாளி?"

"பெட்ரோல் என்னோடது மிஸ்!"

"யாரோடதா இருந்தா என்ன? கை தானாப் போகுது. அண்ணன்கிட்ட ஓட்டப் பழகுனப்பவே அப்படித்தான்."

எனக்குக் கோபம் வரவில்லை. ஏனென்றால் அது அவர் தப்பில்லை, நம் மலையின் பழக்கம். ஏற்றத்தில் எரித்த பெட்ரோலை இறக்கத்தில் மிச்சம் பிடிக்க வேண்டும் என்று ஓட்டோக்காரர் முதல் கங்காணி வரை எல்லோரும் சாவியை நிறுத்தி நியூட்ரலில் உருண்டு வருகிறோம். தார் ரோட்டில் அதுவே ஆபத்து. கல் பாதையில் கேட்கவே வேண்டாம். நியூட்ரலில் எஞ்சின் சக்கரத்தைப் பிடிக்காது, சாவியை நிறுத்தினால் ஹோர்னும் செத்துவிடும். மிச்சம் பிரேக் மட்டும்தான். ஈரச் சரளையில் பிரேக்கை நம்பி, கால் எட்டாத பைக்கில் இறங்குவது யாராலும் முடியாது. என்னாலும் முடியாது. நான் முடியாது என்று ஒரு விஷயத்தைச் சொன்னால் அதை நீங்கள் கல்லில் வெட்டிக்கொள்ளலாம்.

மிஸ்ஸை நூற்றிருபத்தைந்தின் பின்னால் உட்காரவைத்துத் திரும்ப மேலே கூட்டிப்போய், அதை அவர் கையில் கொடுத்தேன். அவர் ஏறி உட்கார்ந்தார். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்தன.

"முதல் கியர் போடுங்க. கிளட்சை முழுசா விடுங்க. முன் பிரேக்கைத் தொடாதீங்க. சாவியத் தொட்டீங்க, நான் வீட்டுக்குப் போயிருவேன்."

பைக் நகர்ந்தது, நான் பக்கத்தில் நடந்தேன். எஞ்சின் 'ங்ங்' என்று உறுமியது. கொஞ்ச தூரம்தான், அவர் கை சாவிக்குப் போய்விட்டது.

"கை!" என்றேன்.

"கத்துதே முதலாளி! எஞ்சின் ஒடைஞ்சிரும்!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவ்வளவு காலம் ஆட்கள் பெட்ரோலுக்காக மட்டும் சாவியை நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டால் எஞ்சின் வலியில் அழுகிற மாதிரி இருக்கிறது. பொருள்மேல் உள்ள பாசத்தில் நிறுத்துகிறார்கள்.

"அது அழுவல மிஸ். ஒங்களைப் பிடிச்சுக்கிட்டு வருது. விட்டுட்டா நீங்கதான் அழுவீங்க."

அவர் கையை எடுத்தார். பைக் ஒரு கிழவன் படி இறங்குகிற மாதிரி, அவசரமே இல்லாமல், உறுமிக்கொண்டே இறங்கியது. ட்ராக்டர் நின்ற வளைவில் ஹோர்ன் அடித்தார். சாக்குக்காரர்கள் கைதட்டினார்கள். அங்கே விட்டிருந்த ஒட்டகத்தில் ஏறி நான் பின்னால் வந்தேன். கீழே வந்து நிறுத்தும் வரை கால் ஒரு தடவைகூடத் தரை தேடவில்லை.

கிளார்க் ஒட்டகத்தைப் பார்த்தார், சேறான மனைவியைப் பார்த்தார். "ஏறுறதுல இது அதவிட மெதுவாப் போகுமே முதலாளி?"

"மெதுவாத்தான் போகும். ஆனா நீங்க சோறு ஆக்கி வைக்கிற நேரத்துக்கு மிஸ் வந்து சேர்ந்துருவாங்க" என்றேன்.

"அப்ப சோறும் நானா?" என்றார். "பருப்பும்தான்" என்றார் மிஸ்.

4. செய்துகொடுத்த வேலை

அந்த வாரமே நிஸாம் வேலையை முடித்தார். பின் சக்கரத்துக்குப் பெரிய ஸ்ப்ரொக்கெட், அதாவது செயின் ஓடுகிற பல்சக்கரம். இதனால் சமமான ரோட்டில் வேகம் குறையும். ஆனால் ஏற்றத்தில் இழுவை கூடும், இறக்கத்தில் எஞ்சின் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். முன்னும் பின்னும் ட்ரெயில் டயர். எஞ்சினுக்கு அடியில் கல் அடிக்காமல் இருக்க ஓர் இரும்புத் தகடு. சேறு அடைக்காமல் இருக்க முன் மட்கார்டைக் கொஞ்சம் உயர்த்தினோம். எல்லாம் சேர்த்தும் ஒட்டகத்தின் விலைக்குக் கிட்டவும் வரவில்லை. மிஞ்சியதில் நல்ல ஹெல்மெட்டும், கணுக்காலை மூடுகிற சப்பாத்தும், கையுறையும் வாங்க வைத்தேன். முதல் பைக் வாங்குகிறவர்கள் இதைக் கேளுங்கள்: காசு முழுவதையும் பைக்கில் போடாதீர்கள். விழப்போவது நீங்களும்தான்.

மாதம் முடிவதற்குள் மிஸ் மேலே போய்வர ஆரம்பித்துவிட்டார். அந்தத் தோட்டம் அவர் கையிலேயே நின்றது. பிள்ளையை விட்டுப் போக வேண்டி வரவில்லை.

இப்போது நான் யாரையும் மேட்டில் ஏற்றிப் பார்ப்பதில்லை. பைக்கை மேலே கொண்டுபோய்க் கொடுத்து, கீழே வரச் சொல்கிறேன். கால் பதிகிறதா, எஞ்சின் பிடிக்கிறதா, கை சாவிக்குப் போகிறதா என்று பார்க்கிறேன். நம் மலையில் அரைவாசிப் பைக் ஏதோ ஒரு மாதிரி ஏறிவிடும். ஏற முடியாவிட்டால் நின்றுவிடும், அவ்வளவுதான். இறங்க முடியாத பைக் நிற்காது.

மழைக்காலம் முடிந்து ஒயில் மாற்ற மிஸ் வந்தார். பைக் சேறாக இருந்தது. வேறு குறை ஒன்றுமில்லை. எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

"முதல்ல ஆளுங்க பயந்துட்டாங்க முதலாளி. மேலருந்து எந்த பைக்கும் சத்தத்தோட எறங்குனதே இல்லையா, லொறி ஏதோ பிரேக் இல்லாம வருதுன்னு புள்ளைகளத் தூக்கிட்டு ஓடுனாங்களாம்."

"இப்ப?"

"முன்ன நடந்து போறப்ப லயத்துல ஒவ்வொரு வீட்டுக் காம்பராவாக் கதவத் தட்டிக் கூப்பிடணும். இப்ப மேல் லயத்துல நான் முதல் கியர் போட்டதுமே கீழ் லயத்துல கேட்டுருது. நான் போய்ச் சேர்றதுக்குள்ள புள்ளைக்குச் சட்டையக் கழட்டி, நிறுக்கிறதுக்குத் தயாரா வாசல்ல நிக்கிறாங்க."

நிஸாம் என்னைப் பார்த்தார். நான் நிஸாமைப் பார்த்தேன். எத்தனை பைக் விற்றிருப்பேன், எத்தனை விதமாகப் புகழ்ந்து விற்றிருப்பேன். இந்த ஒரு பயன் எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. இனிமேல் அதையும் சொல்லித்தான் விற்பேன்.