பட்டறைக்குப் போட்ட தார்ப்பாய்

போன மாதம் மூன்று நாள் எங்கள் வீட்டில் சமையல் நான்தான். மூன்று நாளும் ரசம். என் மனைவி செல்வி அதையே ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு ஓடினாள். அவளுக்கு அவசரம் — காலை ஏழரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

பெரம்பலூரில் விவசாயிகளுக்குப் பயிற்சிக் கூட்டம். பருவநிலை மாற்றம் பற்றி. எங்கள் ஊரிலிருந்து ஒரு ஆளை அனுப்பச் சொன்னார்கள். பட்டறை போடுவதில் கெட்டிக்காரி என்று என் மனைவியை அனுப்பினார்கள். எட்டாவது படித்தவள். என்னைவிட மூன்று வகுப்பு கூட.

பட்டறை என்றால்... விதைக்கு எடுத்த சின்ன வெங்காயத்தைப் போட்டு வைக்கிற இடம். கொல்லையிலேயே (வயலைத்தான் நாங்கள் கொல்லை என்போம்) கல் அடுக்கி, குச்சி பரப்பி, சுற்றிலும் படல் கட்டி, தலைக்குத் தென்னங்கீற்று. பக்கமெல்லாம் காற்று புகுந்து போகும். புரட்டாசியில் நடும்வரை வெங்காயம் அதற்குள் கிடக்கும். அது கெட்டால் நட விதை இல்லை. எங்கள் முக்கால் ஏக்கரும் அதை நம்பித்தான்.

நான் லாரிக்காரன். அரியலூர்ப் பக்கம் சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஓட்டுகிறேன். வெங்காயத்தில் என் வேலை தூக்குவது, இறக்குவது. யோசிப்பது அவள்.

அந்த மூன்று நாள் லாரி தகுதிச் சான்றுக்கான எஃப்.சி. வேலைக்கு ஷெட்டில் நின்றது. கை சும்மா இருந்தது. நானும் யோசித்தேன்.

முதல் நாள் அவள் பஸ் ஏறியதும் செல்போனைப் பார்த்தேன். மேகம், மின்னல், மழைத்துளி. மூன்று நாளைக்கும் அதே படம். கீற்று பழசு. ஒழுகினால்? லாரித் தார்ப்பாய் வீட்டில்தான் கிடந்தது. எடுத்துப்போய்ப் பட்டறையைத் தலையிலிருந்து அடிவரை போர்த்தினேன். சுற்றிக் கயிறு. லாரிக்குப் போடுகிற அதே முடிச்சு. ஒரு சொட்டு உள்ளே போகாது. எனக்கே பெருமையாக இருந்தது. அவளிடம் சொல்லவில்லை. தானே பார்த்துச் சந்தோஷப்படட்டும்.

மழை வந்ததா? இல்லை. மூன்று நாளும் வெயில். இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று தார்ப்பாயை அப்படியே விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் மதியத்தோடு கூட்டம் முடிந்தது. செல்வி வந்து உட்கார்ந்தாள். ரசம் ஊற்றினேன். கதை சொல்ல ஆரம்பித்தாள்.

“வெயில் உள்ள வருதுங்க. தரை சுடுது. அந்தச் சூடு திரும்ப மேல போவணும். சில வாயு அதைப் போவ விடாம புடிச்சு வெச்சிக்குதாம். கரி எரிச்சா, டீசல் எரிச்சா வர்ற வாயு. மாட்டு வயித்துலேருந்து வர்றது ஒண்ணு.”

“அது எப்பவும் இருக்கிறதுதானே?”

“கொஞ்சம் வேணும். இல்லாட்டி ஒலகமே வெறைச்சிப் போயிருமாம். நாம மேல மேல போர்த்திக்கிட்டே இருக்கோம்னாரு கூட்டத்துல பேசின சார். உங்க கல்லும் அதுல உண்டு.”

“கல்லு என்ன பண்ணுச்சு?”

“சூளையில சுட்டா அதுக்குள்ள அடைஞ்சிருக்கிற வாயு வெளிய வருதாம். சூளைக்கு எரிக்கிற கரி தனி.”

எங்கள் கல்லை உடைத்தால் சிப்பி சிப்பியாக இருக்கும். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததாம். அந்தக் கடல் பூட்டி வைத்ததை இருபத்திரண்டு வருஷமாக நான் சூளைக்கு அள்ளிப்போய்க் கொட்டியிருக்கிறேன். சோற்றைப் பிசைந்தேன்.

“போர்த்தினா உள்ள இருக்கிறது வேவும். நம்ம பட்டறைய யாராச்சும் நாலு பக்கமும் மூடுவாங்களான்னு நான் எந்திரிச்சுக் கேட்டேன். எல்லாரையும் கை தட்டச் சொன்னாரு சார்.”

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தேன்.

“செல்வி.”

“ம்?”

“மூடியிருக்கேன்.”

“எதை?”

“பட்டறைய.”

“மேலயா?”

“சுத்தியும்.”

“எதால?”

“லாரித் தார்ப்பாய்.”

கை கழுவவில்லை. எழுந்து ஓடினாள்.

கயிற்றை அறுத்துத் தார்ப்பாயை இழுத்ததும் சூடு முகத்தில் அடித்தது. கூடவே நாற்றம். செல்வி முழங்கைவரை கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். “வேர்த்துக் கெடக்கு” என்றாள். அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அவள் தம்பி கோவிந்தன் உதவிக்கு வந்தான். மூன்று பேரும் உட்கார்ந்து பொறுக்கினோம். கெட்டி ஒரு பக்கம், அமுங்கினது ஒரு பக்கம்.

“வெங்காயத்துக்குக் குளிருதுன்னு போர்த்தி விட்டீங்களா மாமா?” என்றான்.

அவன் அக்காவிடம் திரும்பினான். “நாளைக்கு மழைங்கிறதையே சரியாச் சொல்ல முடியல. அம்பது வருஷம் கழிச்சு சூடு ஏறும்னு சொல்றாங்களாம். நீயும் நோட்டுல எழுதிட்டு வர்றே.”

செல்வி தலை நிமிரவில்லை. “மாமா தார்ப்பாய் போட்ட அன்னைக்கே எந்த வெங்காயம் அழுவும்னு உன்னால சொல்ல முடியுமா?”

“அதெப்படிக்கா சொல்றது?”

“மூடி வெச்சா நெறைய அழுவும்னு?”

“அது... சொல்லலாம்.”

“அவ்வளவுதான்டா. நாளைக்கு மழைங்கிறது ஒத்த வெங்காயம். இது பட்டறை.”

கோவிந்தன் இன்னும் நாலு வெங்காயத்தைப் பொறுக்கிப் போட்டான். “அதெல்லாம் கம்ப்யூட்டர் கணக்குதானே? அது சொன்னா நம்பிடுறதா?”

“கடலு, காத்து, நெலம் எல்லாத்தையும் கட்டம் கட்டமாப் பிரிச்சு அதுல போடுறாங்க. நடந்து முடிஞ்ச வருஷத்தைச் சரியாச் சொல்லுதான்னு மொதல்ல பார்க்கிறாங்க. அப்புறந்தான் வரப்போறதைக் கேக்கிறாங்க. அதுவும் ஒரே பதிலாச் சொல்லாது. எவ்வளவு புகை விடப்போறேன்னு நம்மளத் திருப்பிக் கேக்கும். இவ்வளவு விட்டா இவ்வளவு சூடு. கொறைச்சா கொறையும்.”

“அப்ப தார்ப்பாய அவுத்துட்டா சரியாப்போச்சு” என்றேன்.

“இந்தத் தார்ப்பாய அவுத்துடலாம். வானத்துக்குப் போட்டது போட்டதுதானாம், ரொம்ப வருஷம் கெடக்கும். இதுக்கு மேல போடாம இருக்கணும்.” பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள். “மூணு நாளா ரசம் வெக்கும்போதே எனக்குச் சந்தேகந்தான்... இந்த மனுசன் வேற ஏதோ யோசனையில இருக்காருன்னு.”

மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. கால் ஏக்கருக்கு விதை இல்லை. அதில் மக்காச்சோளம் போடுவதாக முடிவு. அந்தத் துண்டுக்குப் பெயரும் வைத்துவிட்டாள் — தார்ப்பாய்க் கொல்லை. ஊரே அப்படித்தான் சொல்கிறது.

மறுநாள் மழை வந்தது. செல்வி தலைக்கு மட்டும் புதுக்கீற்று செருகினாள். பக்கமெல்லாம் திறந்தே கிடந்தது. மிச்ச வெங்காயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

எஃப்.சி. முடிந்து லாரி வந்துவிட்டது. மறுபடியும் கல்தான். எனக்கு வேறு தொழில் தெரியாது. ஆலை கேட்டில் எடை போட வரிசை நிற்கும். முன்பெல்லாம் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். இப்போது அணைத்துவிடுகிறேன். பெரிய காரியமா? இல்லை. ஒரு கீற்றளவு.

நான் கிளம்பும்போது செல்வி இப்போதெல்லாம் வாசல்வரை வருகிறாள். என்னைப் பார்க்க இல்லை — தார்ப்பாய் லாரியில்தான் இருக்கிறதா என்று பார்க்க.