காட்டுக்கு வைச்ச முதல் காளான்

நீங்கள் சிரிப்பியள் எண்டு தெரியும், சிரிச்சாலும் பரவாயில்லை. பேய், முனி எண்டு ஆரும் கதைக்கத் தொடங்கினா எழும்பிப் போய்த் தேத்தண்ணி போடுற ஆள் நான். இஞ்சை ஊன்ட்றொப்பிலை இருக்கிற அம்பாள் கோயிலுக்குப் போறனான், கும்பிடுறனான், அது வேறை. மற்றதெல்லாம் எனக்குச் சரிப்பட்டு வராது. ஆனா போன வருஷம் இலை கொட்டுற காலத்திலை என்ரை கண்ணாலை கண்டதை இல்லையெண்டு சொல்ல எனக்கு ஏலாது.

என்னோடை முதியோர் இல்லத்திலை மார்யா எண்டு ஒருத்தி வேலை செய்யிறா. எஸ்தோனியாக்காரி. அந்த நாட்டிலை பாதிக்குப் பாதி காடுதானாம், சனமும் கொஞ்சம்தான். ஆர் ஆர் வந்து ஆண்டாலும் தங்கடை பாஷையையும் காட்டையும் விடேல்லை எண்டு அவ சொல்லேக்கை எனக்கு எங்கடை சனத்தின்ரை நினைவுதான் வரும், அதாலையே அவவிலை எனக்கு ஒரு தனி மதிப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னையும் இவரையும் எங்கடை அஞ்சு வயசு மகள் ஆரணியையும் காளான் பிடுங்கக் கூட்டிக்கொண்டு போனா, நாங்கள் இருக்கிற பீலெஃபெல்டுக்குப் பக்கத்து மலைக்காட்டுக்குத்தான். உள்ளை கால் வைக்க முதல் நிண்டு, தன்ரை பாஷையிலை காட்டுக்கு வணக்கம் சொன்னா. ஆரோ வீட்டு வாசல்லை நிண்டு கதைக்கிற மாதிரி அவ்வளவு மரியாதை. முதல் அம்பிட்ட காளானை ஒரு வெட்டின மரக்குத்தியிலை வைச்சு, "இது காட்டின்ரை அம்மாவுக்கு" எண்டா. நாங்கள் பொங்கினா முதல் படைக்கிறதுதானே எண்டு எனக்கு நல்லாப் பிடிச்சுது.

இவரைத் தெரியும்தானே, ஒரு பருக்கை சோறு கொட்ட விடமாட்டார். நல்ல காளான் சும்மா அழுகப்போகுதே எண்டு எங்களுக்குத் தெரியாமல் எடுத்துப் பைக்குள்ளை போட்டிட்டார்.

கொஞ்ச நேரத்தாலை மூடுபனி இறங்கிச்சுது. திரும்பிப் பார்க்கிறன், ஆரணியைக் காணேல்லை. கத்திக் கூப்பிட்டம், ஒரு சத்தமும் இல்லை. எந்தப் பக்கம் நடந்தாலும் அதே மரக்குத்தியடிக்குத்தான் வந்து நிக்கிறம், நம்பினா நம்புங்கோ, நம்பாட்டி விடுங்கோ. ஃபோனிலை சிக்னலும் இல்லை.

மார்யா குத்தியைப் பார்த்தா. வெறுங்குத்தி. இவர் தலையைக் குனிஞ்சுகொண்டு காளானை எடுத்துத் திரும்ப வைச்சார். அவ ஏசேல்லை. "காடு வழியை மறைச்சிட்டுது. கோட்டைக் கழட்டி, உள்பக்கம் வெளியிலை வாற மாதிரிப் புரட்டிப் போடுங்கோ, எங்கடை ஆக்கள் அப்பிடித்தான் செய்யிறவை" எண்டா. வேறை நேரமெண்டா சிரிச்சிருப்பன். பிள்ளையைக் காணாமல் நிக்கேக்கை ஆருக்குச் சிரிப்பு வரும்? மூண்டு பேரும் புரட்டிப் போட்டம். அவ தன்ரை பாஷையிலை காட்டிட்டை மெல்லமாய்ப் பிள்ளையைக் கேட்டுக்கொண்டு முன்னுக்கு நடந்தா, நான் அம்பாளைக் கூப்பிட்டுக்கொண்டு பின்னாலை போனன். அவவின்ரை குரலிலை பயமே இல்லை, தாயிட்டைக் கேக்கிற உரிமைதான் இருந்துது.

கூப்பிடு தூரம்கூட இல்லை, ஒரு பெரிய மரத்துக்குக் கீழை ஆரணி இருக்கிறா. அந்த இடத்தாலை நாங்கள் எத்தனை தரம் போய் வந்திருப்பம். அழவுமில்லை, நடுங்கவுமில்லை. "எங்கை போனனீங்கள்?" எண்டு எங்களைக் கேக்கிறா.

தூக்கிக் கட்டிப்பிடிச்ச பிறகுதான் கண்டன், பிள்ளையின்ரை ஜாக்கெட்டும் புரட்டித்தான் போட்டிருந்துது. அவவுக்கு ஸிப் பூட்டவே தெரியாது, வெளிக்கிடேக்கை நான்தான் பூட்டிவிட்டனான். இப்ப கழுத்துமட்டும் பூட்டிக் கிடக்கு, ஸிப்பின்ரை பிடி உள்பக்கம்.

"ஆரம்மா மாத்திவிட்டது?"

"அந்த அன்ரி" எண்டு மரத்தைக் காட்டினா.

மார்யா மட்டும் ஆச்சரியப்படேல்லை. மரத்தைத் தொட்டு நன்றி சொல்லிப்போட்டு வந்தா. அவவின்ரை சனத்தை நினைச்சா எனக்கு இண்டைக்கும் கையெடுத்துக் கும்பிடத்தான் வரும்.

ஜாக்கெட் இப்ப ஆரணிக்குச் சின்னன், ஆருக்கும் குடுக்க மனம் வரேல்லை. அளவாய் இருந்த காலத்திலை எத்தனையோ தரம் அவவுக்குப் புரட்டிப் போட்டுப் பூட்டிப் பார்த்தனான். பிடி உள்பக்கமெல்லோ, ஸிப் நெஞ்சளவுக்குத்தான் வரும். அதுக்கு மேலை என்ரை கை உள்ளுக்குப் போகாது.