மேட்டில் நின்ற வேன்

அருங்காட்சியகத்தில் சீட்டு கிழிக்கும் பெண்ணுக்கு அந்தக் குடும்பம் நல்ல பழக்கம். "மறுபடியுமா?" என்று கேட்டுக்கொண்டேதான் சீட்டைக் கிழிப்பாள். ஞாயிறு தவறாமல் வருவார்கள். முன்னால் மகள் ஓடுவாள், நடுவில் தையல்காரக் கணவன் நடப்பான், எல்லோரும் உள்ளே போயாயிற்றா என்று பார்த்தபடி கடைசியில் வேன் அக்கா வருவாள்.

வேன் அக்கா என்பது பள்ளிப் பிள்ளைகள் வைத்த பெயர். வாரம் முழுக்க அவர்களை ஏற்றி இறக்குவதுதான் அவள் பிழைப்பு. பிள்ளைகள் இறங்கிச் சாலையைக் கடந்த பிறகும் அவள் வண்டியை எடுக்க மாட்டாள். செருப்பு வாரை மாட்டிக்கொண்டோ, விழுந்த தண்ணீர் பாட்டிலைத் துரத்திக்கொண்டோ கடைசியாக ஒரு வால் வந்தே தீரும் என்பது அவள் அனுபவம். அதேபோல், கடைசிச் சீட்டு வரை நடந்துபோய் யாரும் தூங்கிக் கிடக்கவில்லை என்று பார்க்காமல் வேனைப் பூட்டவும் மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டு மனிதர்களை மட்டும் ஏற்றி வந்தாலும் அப்படித்தான்.

அருங்காட்சியகத்தில் மகள் நேராகப் போய் நிற்பது பாடம் செய்த மானின் முன்னால். கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தப் பெண்மான் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டு நிற்கும். "அது என்னம்மா பாக்குது?" என்று மகள் ஒருமுறை கேட்டாள். "குட்டி இன்னும் வரலை போல," என்றாள் வேன் அக்கா, யோசிக்காமலே.

உயிருள்ள மானைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. அவர்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். ஆனால் மலை என்ற பேச்சை எடுத்தாலே, அருங்காட்சியகம் போனால் பொது அறிவு வளரும் என்று வேன் அக்கா ஆரம்பித்துவிடுவாள். உண்மைக் காரணம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை மேம்பாலத்து ஏற்றத்தில், நெரிசலில் நின்ற வேனைக் கிளப்பும்போது அது பின்னால் சரிந்துவிட்டது. பின்னால் நின்ற காருக்கும் வேனுக்கும் நூலிழைதான் இடைவெளி. நல்லவேளையாக வேனில் பிள்ளைகள் இல்லை. அந்தக் கார்க்காரர் கத்திய கத்தலுக்குப் பிறகு, அவள் ஊரைச் சுற்றிப் போனாலும் போவாளே தவிர அந்தப் பாலத்தில் ஏறியதில்லை.

ஒரு புதன்கிழமை நாத்தனாரும் அவள் கணவரும் வந்திருந்தார்கள். "சும்மா செத்த மானையே எத்தனை நாள் பாப்பீங்க? இந்த ஞாயிறு மலைக்குப் போகலாம், வேனை இவர் ஓட்டுவாரு," என்று நாத்தனார் தீர்ப்பு எழுதிவிட்டாள். அவள் கணவருக்கு மலைப்பாதை தண்ணீர் பட்ட பாடாம். ஞாயிறு வருவதற்குள் மகள், எங்கள் அம்மா மலைக்கு ஓட்டப்போகிறாள் என்று வேனில் வரும் பிள்ளைகளிடமெல்லாம் தம்பட்டம் அடித்து முடித்திருந்தாள். கடைசியில் அடிவாரம் வரை வேன் அக்கா, அங்கிருந்து நாத்தனாரின் கணவர் என்று பஞ்சாயத்து முடிந்தது.

ஞாயிறன்று அடிவாரத்தில் வேன் அக்கா வேகத்தைக் குறைத்தாள். கண்ணாடியில் மகளின் முகம் தெரிந்தது. தலையைக் குனிந்து, நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தது அது. பக்கத்தில் கணவன் மலை ஏறும் முன்பே வாந்திக்குப் பிளாஸ்டிக் பையை விரித்துப் பிடித்திருந்தான். அப்படியே மெல்ல, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்: "நீயே போ. என் வாந்தி உன் கையால வரட்டும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயோடு கியரை மாற்றினாள். அடிவாரம் பின்னால் போய்விட்டது. நாத்தனாரின் கணவர் பின்னாலிருந்து, இங்கே ஹார்ன் அடி, அங்கே ஒடி என்று வாயாலேயே ஓட்டிக்கொண்டு வந்தார். சரிண்ணா, சரிண்ணா என்றபடி அவள் தன் போக்கில் ஓட்டினாள். வளைவுகள் பயந்த அளவுக்கு இல்லை. நிற்காமல் போகிறவரை ஏற்றம் ஒன்றும் செய்யாது. நின்றால்தான் வம்பு.

நல்ல செங்குத்தான இடம் ஒன்றில் ஒரு பெண்மான் புதரை விட்டு வெளியே வந்தது.

"நிறுத்தாதம்மா, வண்டி பின்னாடி போயிடும். ஹார்ன் அடிச்சுட்டுப் போயிரு," என்றார் நாத்தனாரின் கணவர்.

அவள் நிறுத்தினாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்தாள். மான் அவசரமில்லாமல் சாலையைக் கடந்தது. பின்னால் ஒரு கார் வேனை ஒட்டி வந்து நின்று ஹார்ன் அடித்தது. "அதான் போயிருச்சே, எடும்மா," என்றார் அவர்.

மான் மறுபுறம் நின்று, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது.

"இல்லண்ணா, இன்னும் ஒண்ணு பாக்கி," என்றாள் வேன் அக்கா.

பின்னால் ஹார்ன் நிற்கவில்லை. அந்தக் காரை அவள் கண்ணாடியில் பார்க்கவில்லை, மானைத்தான் பார்த்தாள். புதர் அசைந்தது. குச்சிக்கால்களை எங்கே வைப்பதென்று தெரியாத ஒரு குட்டி, வழுக்கி, சமாளித்து, துள்ளி ஓடித் தாயோடு ஒட்டிக்கொண்டது.

மகள் மூக்கை அழுத்தி ஜன்னலோடு ஒட்டியிருந்தாள்.

இனி வேனைக் கிளப்ப வேண்டும். கிளட்சை மெல்ல விட்டாள். என்ஜின் உறுமி, வண்டியின் மூக்கு லேசாக எழும்பும்வரை காத்திருந்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்தாள். வேன் ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை. பால் பாத்திரத்தைத் தளும்பாமல் தூக்கிய மாதிரி மேலே ஏறியது. நாத்தனாரின் கணவர் திரும்பிப் பின்னால் நின்ற காரைப் பார்த்தார். பிறகு, "நல்லாப் பிடிச்சே," என்றார். அதோடு வாயால் ஓட்டுவதையும் நிறுத்திக்கொண்டார்.

உச்சியில் ஒவ்வொருவராக இறங்கினார்கள். காலியாகவே இருந்த பிளாஸ்டிக் பையை அவள் கணவன் மடித்துக் காட்டினான், பரிசுக்கோப்பையைக் காட்டுகிறவன் மாதிரி. வேன் அக்கா பழக்கப்படி கடைசிச் சீட்டு வரை நடந்தாள். அங்கே நாத்தனார் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி, கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, வந்தாச்சு. இறங்குங்க."

நாத்தனார் ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். "எப்போ வந்தோம்? நடுவுல எதுக்கு நின்னுச்சு?"

மகள் ஓடிவந்து மானையும் குட்டியையும் சொன்னாள். கேட்கக் கேட்க நாத்தனாரின் முகம் தொங்கிப்போனது. முதல் வளைவில் மூடிய கண்ணாம், எதையுமே பார்க்கவில்லையாம்.

வெயில் சாய்ந்ததும் கிளம்பினார்கள். நாத்தனாரின் கணவர் பழக்கதோஷத்தில் சாவிக்குக் கையை நீட்டினார். நாத்தனார் அந்தக் கையை ஒரு தட்டுத் தட்டினாள்.

"அவளே ஓட்டட்டும். நீங்க நிறுத்த மாட்டீங்க."

சொல்லிவிட்டு, தன் தம்பியைப் பின்னால் விரட்டி, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணை அகல விரித்துக்கொண்டாள்.